ஓவிய உரிமையும் ஓவியர் பிழைப்பும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

மருத்துவரும் வழக்கறிஞரும் ஆசிரியரும் பேசிச் சென்ற மேடை இது. விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த எங்களையும் இதே மேடைக்கு அழைத்திருக்கிறீர்கள். நாங்கள் மூவர். மூவரும் இச்சங்கத்தின் இரவுப் பள்ளியில் படித்தவர்கள். மூவர் சார்பிலும் இன்று பேசுகிறோம். படம் வரையத் தெரிந்த பிள்ளைகள் நம் தெருக்களில் எத்தனையோ பேர் இருக்கின்றனர். அவர்கள் படத்தை விற்றுவிடாமல் அதன் உரிமத்தைக் கொடுத்து வாழ முடியுமா என்பதே எங்களுக்குத் தரப்பட்ட பொருள். முடியும் என்றோ முடியாது என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிட்டு இறங்க எங்களுக்கு மனமில்லை. பட்டதைச் சொல்கிறோம்.

நம் வீடுகளில் அண்ணல் அம்பேத்கரின் படம் இல்லாத சுவர் உண்டா? நீல நிறக் கோட்டும் கையில் அரசமைப்பு நூலுமாய் நிற்கும் அந்த வண்ணப்படத்தை வரைந்த ஓவியர் யார் என்று கேட்டால் நம்மில் எவருக்கும் விடை தெரியாது. ஆண்டுதோறும் டிசம்பர் 6ஆம் நாள் மும்பை தாதரில் உள்ள சைத்ய பூமியில் கூடும் பெருங்கூட்டத்தில் அத்தகைய படங்கள் விற்பனையாகின்றன. வரைந்த கைக்கு ஒரு முறை ஏதோ கூலி கிடைத்திருக்கும். படத்தின் அடியில் பெயரும் இல்லை. இதை அச்சிட்டவர் மீது குற்றமாகச் சொல்ல வரவில்லை. நாமும் அந்தப் பெயரைத் தேடியதில்லை என்பதை நினைவூட்டவே சொல்கிறோம்.

உரிமம் என்றால் என்ன? நிலத்தை வைத்துச் சொன்னால் நமக்கு எளிதில் விளங்கும். கிரயம் வேறு, குத்தகை வேறு. கிரயம் கொடுத்தால் நிலம் போயிற்று. குத்தகைக்கு விட்டால் காலம் முடிந்ததும் நிலம் மீளும். ஓவியத்திலும் அப்படியே. பதிப்புரிமையை முழுதாக எழுதிக் கொடுப்பது கிரயம். இன்ன பொருளில், இத்தனை படி, இத்தனை ஆண்டு அச்சிட்டுக்கொள்ளலாம் என்று இசைவு தருவது குத்தகை, அதுவே உரிமம். அதற்கு ஈடாக விற்பனையில் இத்தனை விழுக்காடு என்று பெறுவது ராயல்டி. 1892இல் அரசாணை பெற்று நமக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பல இடங்களில் எப்படிக் கைமாறின? படிக்காத தாளில் இட்ட கைநாட்டினால் கைமாறின. விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் கைமாறின. எங்கள் கதையும் அதற்கு நெருங்கிய உறவுதான்.

2000க்குப் பின் பிளக்ஸ் பதாகைகள் வந்தன. தூரிகையால் பலகை எழுதும் தொழில் படுத்துவிட்டது. கைகளில் இருந்த ஒரே தொழிலும் போனபின், நாங்கள் காகிதத்தில் வண்ணப்படங்கள் வரையத் தொடங்கினோம். பறை இசைப்போர், நடவு நடும் பெண்கள், கோலமிடும் சிறுமி, மழையில் நனையும் மாட்டுவண்டி இப்படி 12 படங்கள். எவரும் கேட்டு வரைந்தவை அல்ல. நாங்களே விரும்பி வரைந்தவை. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். பின்னர் இதுவே பெரிதாகப் போகிறது.

2011ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் அப்படங்களை ஓர் அச்சக உரிமையாளரிடம் கொண்டு சென்றோம். நாட்காட்டித் தொழிலில் மறு ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்கள் ஆடிப் பதினெட்டில் வெளிவரும். அதற்குள் படங்கள் தெரிவாகிவிட வேண்டும். அவர் படங்களைப் பார்த்தார், மகிழ்ந்தார், படத்துக்கு 2,500 ரூபாய் வீதம் 30,000 ரூபாய் எண்ணி வைத்தார். ஒரு வவுச்சரை நீட்டினார். அவர் நாற்காலியில் அமர்ந்திருந்தார், நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். எங்களில் ஒருவர் மேல்நிலைப் பள்ளி வரை படித்தவர். படித்துப் பார்க்கிறோம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நின்ற நிலையில், எதிரே ஒருவர் பேனாவை நீட்டிக்கொண்டிருக்கும்போது, தாளைக் கண்ணருகே கொண்டு சென்று வரிவரியாகப் படிப்பது மரியாதைக் குறைவு என்று எங்களுக்குத் தோன்றியது. அந்தக் கூச்சம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் மூவரும் கையெழுத்திட்டோம். தேநீர் கடைக்கு வந்தபின்தான் எங்களிடம் அதன் நகல்கூட இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

2018இல் ஓர் இனிப்புக் கடையின் தீபாவளிப் பெட்டியில் எங்கள் கோலச் சிறுமியைக் கண்டோம். பின்பு துணிக்கடைக் கட்டைப்பையில் மாட்டுவண்டியைக் கண்டோம்; பள்ளிக் குறிப்பேட்டின் அட்டையில் பறை இசைப்போரைக் கண்டோம். வலப்பக்க மூலையில் நாங்கள் இட்ட கையெழுத்து மட்டும் கத்தரிக்கப்பட்டிருந்தது. மகள் அந்தக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து "அப்பா, இது நம் வீட்டுப் படம்" என்றாள். என்ன விடை சொல்வது?

அச்சகத்திற்குச் சென்றோம். வவுச்சர் எடுத்துக் காட்டப்பட்டது. "படங்களையும் அவற்றின் முழு உரிமையையும் விற்றுப் பெற்றுக்கொண்ட தொகை" என்று எழுதியிருந்தது. தலை குனிந்து திரும்பினோம். அப்போது இச்சங்கத்தில் படித்து வழக்கறிஞரான தம்பி ஒருவர்தாம் சட்டத்தை எடுத்துப் படித்துக் காட்டினார். அவர் சொன்னவற்றை இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் இதற்கான சட்டம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். வரைந்த நொடியிலேயே உரிமை வரைந்தவருக்கு உண்டு. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. ஓவியர் வாழ்நாளுக்கும், அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் அது நிற்கும். உரிமையை எழுதிக் கொடுக்கும் தாளில் எத்தனை ஆண்டு என்று சொல்லப்படவில்லையெனில், 19ஆம் பிரிவின்படி அது 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த நாடு என்று சொல்லப்படவில்லையெனில் இந்தியா மட்டுமே. எங்கள் வவுச்சரில் "முழு உரிமை" என்று இருந்ததே தவிர ஆண்டுக் கணக்கு இல்லை. ஆகவே 2016 பங்குனியோடு அந்த உரிமை எங்களிடம் மீண்டுவிட்டது! ஏழாண்டாக நாங்கள் அறியாத சங்கதி இது.

மகிழ்ந்தோம். ஆனால் தம்பி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அந்த 12 படங்களுக்குப் பின், அச்சகத்தாரே கேட்டு, கூலி பேசி, மேலும் 5 படங்கள் வரைந்து கொடுத்திருந்தோம். 17ஆம் பிரிவு அங்கே குறுக்கே நின்றது. ஒருவர் பணம் கொடுத்து வேண்டிக்கொண்டபடி ஓவியம் வரையப்பட்டால், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, அவ்வோவியத்தின் முதல் உரிமையாளர் வேண்டியவரே, வரைந்தவர் அல்லர். மாதச் சம்பளத்தில் பணியாளராக வரைந்தாலும் உரிமை முதலாளிக்கே. எனவே 12 படங்களுக்கு வழக்கு உண்டு. 5 படங்களுக்கு இல்லை. அந்த ஐந்தில்தான் பறை இசைப்போரின் இரண்டாம் படமும் இருந்தது. எங்கள் மூவருக்கும் மிகப் பிடித்த படம் அது.

அறிவிக்கை அனுப்பினோம். சட்டத்தில் இக்குற்றத்திற்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. ஆயினும் நாங்கள் நீதிமன்றம் ஏறவில்லை. பேசி முடித்தோம், 35,000 ரூபாய் பெற்றோம். குறைவுதான். வழக்கை நடத்தியிருக்க வேண்டும் என்று எங்களை இன்றும் கடிந்துகொள்ளும் நண்பர்கள் உண்டு. தில்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் அமைத்த பெருஞ்சுவர்ச் சிற்பம் 1979இல் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சிதைந்தது. 1992இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2005இல் தில்லி உயர்நீதிமன்றம் அவருக்கு 5 இலட்சம் ரூபாயும் சிற்பத்தின் எச்சமும் தரப் பணித்தது. உரிமையை விற்ற பின்னும் படைப்பாளியின் பெயரும் மானமும் அவரையே சேர்ந்தவை என்னும் 57ஆம் பிரிவுக்கு அத்தீர்ப்பு பெரும் வலிவு தந்தது. ஆனால் பதின்மூன்று ஆண்டு! எங்களுக்கு அடுத்த மாத வாடகை முன்னே நின்றது.

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் உஸ்டர் நகரத்து ஹார்வி பால் 1963இல் ஒரு காப்பீட்டுக் குழுமத்துக்காக மஞ்சள் வட்டத்தில் சிரிக்கும் முகத்தை வரைந்தார். உலகமே இன்று அதை அறியும். அவர் பெற்றது 45 டாலர். எந்த உரிமையையும் அவர் பதிந்துகொள்ளவில்லை. ராபர்ட் இந்தியானா என்ற ஓவியர் அன்பு என்னும் ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகளை இரண்டிரண்டாக அடுக்கி 1965இல் ஒரு வாழ்த்து அட்டைக்கு வரைந்தார். 1973இல் அது அஞ்சல் தலையாகி 30 கோடிக்கு மேல் அச்சானது. அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி இட வேண்டிய உரிமைக் குறிப்பை இடாமையால், மற்றவர்கள் அதை எதில் வேண்டுமானாலும் அச்சிட்டு விற்றனர்.

நம் பக்கத்தில் கோவில்பட்டிக் கொண்டையா ராஜுவை (1898–1976) அறியாதார் யார்? சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, இரமணர் ஆசிரமத்தில் தங்கி, நாடகத் திரைகள் எழுதி, பின் சிவகாசி நாட்காட்டிகளின் வழியே வீடுதோறும் நுழைந்தவர். அவரும் அவர் மாணவரும் வரைந்த தெய்வப் படங்களில் அவர்தம் பெயர்கள் இடம்பெற்றன. பெயராவது நின்றது. அந்தத் தெய்வங்கள் அமர்ந்த கோவில்களுக்குள் ஒரு காலத்தில் நம்மை விடவில்லை என்பதும், காகிதத்தில் அவை தாமே நம் வீட்டுக்கு வந்தன என்பதும் வேறொரு நாள் பேச வேண்டிய பொருள்.

சரி, உரிமம் மட்டுமே கொடுத்து வாழலாமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்த விலை 40 ரூபாய் உள்ள நாட்காட்டிக்கு 5 விழுக்காடு ராயல்டி என்று வைத்துக்கொள்வோம். படிக்கு 2 ரூபாய். 5,000 படி விற்றால் 10,000 ரூபாய். ஒரு குடும்பம் மாதம் 20,000 ரூபாயில் நடக்க ஆண்டுக்கு 2,40,000 வேண்டும். அதாவது 24 படங்கள் உரிமம் பெற வேண்டும். நான்கில் ஒன்று தேர்வானால் 96 படங்கள் வரைய வேண்டும். வண்ணமும் தாளும் நம் செலவு. அது மட்டுமா? மாசியில் கொடுத்த படம் ஆடியில் மாதிரியாகி, தீபாவளியை ஒட்டி ஆணை பெற்று, மார்கழியில் கடைக்குச் சென்று, கணக்கு முடிந்து பணம் வர அடுத்த மாசி ஆகிவிடும். எத்தனை படி விற்றது என்பதோ அச்சிட்டவருக்கு மட்டுமே தெரியும். பன்னிரண்டு மாதம் பசியைத் தள்ளிப்போடும் வசதி நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? உடனே கிடைக்கும் 2,500 ரூபாய்க்கு முழு உரிமையையும் கொடுத்துவிடத் தோன்றுவது அறியாமையால் மட்டும் அன்று.

இணையத்தில் படங்களை விற்றால் என்ன என்று மாணவர்கள் கேட்கின்றனர். ஷட்டர்ஸ்டாக் என்னும் நிறுவனம் 2020 ஜூன் மாதத்தில் தன் முறையை மாற்றியது. படைப்பாளிக்கு 15 முதல் 40 விழுக்காடு வரை. ஆண்டு பிறந்ததும் அனைவரும் அடிப்படியிலிருந்து மீண்டும் ஏற வேண்டும். ஒரு பதிவிறக்கத்துக்கு 10 அமெரிக்கக் காசு அளவே வருவதும் உண்டு. இப்போதோ கணினியே படம் இயற்றுகிறது. ஆகவே எங்கள் ஒப்பந்தத் தாளில், படத்தைக் கணினிப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாகாது என்றும் ஒரு வரி சேர்த்துக்கொண்டோம். அது எவ்வளவு காக்கும் என்பதைப் போகப் போகத்தான் பார்க்க வேண்டும்.

நாங்கள் இன்று செய்வதைக் கூறி முடிக்கிறோம். ராயல்டியை மட்டும் நம்பி இருப்பதில்லை. முன்பணம் இல்லாமல் படம் கொடுப்பதில்லை. அது ராயல்டியில் கழியும், ஆனால் திரும்பாது. நாட்காட்டிக்குக் கொடுத்தால் நாட்காட்டிக்கு மட்டும். பைக்கும் பெட்டிக்கும் தனித்தனியே. காலம் இரண்டாண்டு. அச்சுக் கணக்கைப் பார்க்கும் உரிமையும், படத்தடியில் பெயரும் எழுத்தில் வேண்டும். கேட்டு வரையும் படமாயின், உரிமை ஓவியருக்கே என்ற வரி இல்லாமல் தூரிகையைத் தொடுவதில்லை. பதிவுக்கு 500 ரூபாய் கட்டணம். சரக்குகளில் பயன்படும் படமாயின் 2,000. எல்லாவற்றையும் பதிய எங்களால் இயலாது; முக்கியமானவற்றைப் பதிகிறோம். சேலை, பாத்திரம் போன்றவற்றுக்கு வடிவமைப்போர் கூடுதல் கவனம் கொள்ளுங்கள். வடிவமைப்பாகப் பதியத்தக்கதைப் பதியாமல் 50 தடவைக்கு மேல் பொருளில் இயற்றினால் பதிப்புரிமையே போய்விடும். அதற்கு 2000ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. வழக்கறிஞரைக் கேட்டபின் கொடுங்கள்.

இத்தனை செய்தும் எங்கள் வருவாயில் பாதிக்கும் குறைவே உரிமத்தால் வருகிறது. மீதி, பள்ளிச் சுவர்களுக்கு வரைவதாலும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதாலும் வருகிறது. எங்களில் ஒருவர் பகலில் ஆட்டோ ஓட்டி இரவில் வரைகிறார். இன்றும் அவர் ஓட்டத்திற்குப் போயிருப்பதால் இங்கு வர இயலவில்லை.

ஒரு சிறு குறையையும் உரிமையோடு சொல்லிவிடுகிறோம். நம் கூட்டங்களுக்குச் சுவரொட்டி வேண்டுமென்றால் நம்மவர்கள் இலவசமாகக் கேட்கின்றனர். இயக்கத்திற்கு மனமுவந்து கொடுப்போம். ஆனால் அதையும் ஒரு தாளில் எழுதிப் பெறுங்கள். இந்த வெள்ளி விழா மலரின் அட்டைப் படத்தை நம் மாணவி ஒருத்தி வரைந்திருக்கிறாள். அவளுக்கு என்ன கொடுத்தீர்கள், அவள் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று மலர்க் குழுவைக் கேட்டோம். அச்சுக்குப் போகுமுன் சேர்த்துவிடுவதாகச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

எங்கள் ஒப்பந்தத் தாளின் தமிழ்ப் படி ஒன்றைச் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறோம். ஞாயிறு மாலைகளில் நாங்களும் அங்கே இருப்போம். யாரேனும் உங்களிடம் தாளை நீட்டினால், கையெழுத்திடுமுன் எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து படிக்கலாம்.