எதிரியை வாடகைக்கு எடுக்கும் விமானப்படை

ஞாயிறு இரவு நம்ம ஐடி விங் ஸ்பேஸ்ல நான் பேசினதை எழுத்தா போடச் சொல்லி நிறைய பேர் கேட்டீங்க. கொஞ்சம் திருத்தி இங்கே தர்றேன்.

போர் விமானம் ஓட்டுறவர் யாரோட சண்டை போட்டுப் பழகுவார்? நிஜ எதிரி பயிற்சிக்கு வரமாட்டான். யாராவது எதிரி வேஷம் கட்டணும்.

அமெரிக்கா இதை அடிபட்டுத்தான் கத்துக்கிச்சு. ஏவுகணை வந்தாச்சு, இனிமே வானத்துல சுத்திச் சுத்திச் சண்டை போட வேண்டியதில்லைன்னு நினைச்சுட்டு வியட்நாம் போனாங்க. அங்கே சின்னச் சின்ன மிக் விமானங்கள் தண்ணி காட்டிடுச்சு. 1969-ல் கடற்படை கலிஃபோர்னியாவின் மிராமர்ல ஒரு பள்ளி தொடங்கினது. நீங்க படத்துல பார்த்த அதே டாப் கன்தான். 1972-ல் விமானப்படையும் நெவாடாவின் நெல்லிஸ் தளத்தில், எதிரி மாதிரி பறக்கிறதுக்குன்னே ஒரு ஸ்குவாட்ரன் அமைச்சது.

ஆனா இது செலவு பிடிச்ச வேலை. 2014-ல் நெல்லிஸ்ல அப்படி இருந்த எஃப்-15 ஸ்குவாட்ரனையே மூடிட்டாங்க. அப்புறம் யார் எதிரி? நம்மாளே நம்மாளுக்கு எதிரி. 2011-ல் உற்பத்தி முடிஞ்சுபோன எஃப்-22-ஐ எதிரி வேஷத்துல பறக்கவிட்டா, அதோட ஆயுள் மணிக்கணக்குல தேயும். அதை ஓட்டுறவரும் தன் வேலையைக் கத்துக்காம எதிரி வேலையைச் செஞ்சுட்டு இறங்குவார். நான் மெக்கானிக்கல் படிச்சவன், ஏர்ஃப்ரேம் தேயுறதுன்னா என்னன்னு தெரியும். அதை பெயின்ட் அடிச்சுச் சரிசெய்ய முடியாது.

இந்த இடத்துலதான் கம்பெனிகள் வந்தாங்க. டிராகன் இன்டர்நேஷனல் நியூசிலாந்து கழிச்ச ஸ்கைஹாக்கை வாங்கிச்சு. ஏடாக் 2017-ல் பிரான்ஸ் ஓரங்கட்டின 63 மிராஜ் எஃப்1-ஐ மொத்தமா எடுத்தது. டாப் ஏசஸ் இஸ்ரேலோட பழைய எஃப்-16-களைப் பிரிச்சு, ஆன்டனோவ் சரக்கு விமானத்துல ஏத்தி, 2021 ஜனவரியில் அரிசோனாவுக்குக் கொண்டுவந்தது. ஓட்டுறவங்க பெரும்பாலும் படையிலிருந்து வந்தவங்க. 2019 அக்டோபர்ல அமெரிக்க விமானப்படை 7 கம்பெனிகளோட 640 கோடி டாலர் உச்சவரம்பு வெச்சு ஒப்பந்தம் போட்டது.

தனியார்னாலே எதிர்க்கணும்னு நான் பேச வரல. கணக்கு ஓரளவு சரிதான். பழைய விமானம் எதிரியா பறந்தா புது விமானத்தோட ஆயுள் மிச்சம். ஆனா இதுல உயிர் போகுது. 2012-ல் நெவாடாவின் ஃபாலன் தளத்துல ஏடாக்கோட கிஃபிர் விழுந்து பைலட் இறந்தார். 2021 மே மாதம் நெல்லிஸ் பக்கத்துல டிராகனோட மிராஜ் வீடுகள் இருக்கிற பகுதியில விழுந்தது, அதிலும் பைலட் இறந்தார். ரெண்டு பேரும் அந்த நேரத்துல ராணுவத்துல இல்ல, கம்பெனி ஊழியர்கள்.

இன்னொரு விஷயம் இதைவிட என்னை உறுத்துது. ஒரு போர் விமானியை உருவாக்க வருஷக்கணக்காகும், செலவு முழுக்க மக்கள் வரிப்பணம். அவர் ஓய்வுபெற்றதும் அந்தத் திறமை சந்தைக்கு வருது. சந்தைக்கு வந்தது சொந்த நாட்டுக்கு மட்டும்தான் விக்கும்னு யார் சொன்னா?

2022 அக்டோபர்ல பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு எச்சரிக்கை விட்டது. தங்களோட முன்னாள் விமானிகள் சுமார் 30 பேர் சீன ராணுவத்துக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருக்காங்களாம். சம்பளம் 2,40,000 பவுண்ட் வரைக்கும்னு செய்திகள் வந்துச்சு. ஆள் எடுத்ததா பேர் அடிபட்டது தென்னாப்பிரிக்காவின் டெஸ்ட் ஃப்ளையிங் அகாடமி. நாங்க எந்தச் சட்டத்தையும் மீறலன்னு அவங்க சொன்னாங்க. வேடிக்கை என்னன்னா, இது எங்க சட்டத்தை மீறலன்னு பிரிட்டனே ஒத்துக்கிச்சு! தடுக்கச் சட்டமே இல்ல. 2023-ல் புதுசா தேசியப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தாங்க. அதே வருஷம் ஜூன்ல அமெரிக்கா அந்த அகாடமியை வர்த்தகத் தடைப்பட்டியல்ல சேர்த்தது. 2024-ல் ஆஸ்திரேலியாவும் முன்னாள் படைவீரர்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது. குதிரை ஓடின பிறகு லாயத்துக்குப் பூட்டு.

ரகசிய ஃபைல் திருடு போனா பிடிக்கலாம். ஆனா எஃப்-16-ஐ எந்தக் கோணத்துல துரத்தணும், மேலைநாட்டு விமானி எப்போ பயப்படுவான், எப்போ திரும்புவான்ங்கிறது ஃபைல்ல இல்ல, ஒருத்தர் தலைக்குள்ள இருக்கு. அது யார் சொத்து? அவரோட உழைப்புங்கிறீங்களா? ஒத்துக்கிறேன். வரி கட்டினவன் பங்கு? ஸ்பேஸ்ல ஒரு தம்பி, "ஓய்வுக்குப் பிறகும் அவரைக் கட்டிப்போடுறது நியாயமா அண்ணே?"ன்னு கேட்டார். நல்ல கேள்வி. கட்டிப்போடுறதா இருந்தா அதுக்கு ஈடா ஓய்வூதியத்தைக் கூட்டிக் கொடுக்கணும்னு சொன்னேன். சும்மா தேசபக்தி பேசி 2,40,000 பவுண்டோட போட்டி போட முடியாது.

மாற்றுக் கருத்து இருந்தா கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த ஞாயிறு அதிலிருந்தே தொடங்குறேன்.