தூக்கிப் போடுகிற காகிதம்
(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பாய்லரோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு நாடகத்தைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் என் வேலையில் பாதி, காகிதம்தான். லாக் புக்கை இத்தனை வருஷம் வைத்திருக்கணும் என்று கணக்கு உண்டு. மேடையில் பாடி நடித்தவர்களின் காகிதங்களை யார் வைத்திருப்பார்கள்?

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1906-இல் பிறந்து, 1933-இல், 27 வயதில் மறைந்தவர். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை குரல் போகும். ஆர்மோனியத்தில் அண்ணன் காசி ஐயர். அவரை மணந்த கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள், 25 வயதில் வெள்ளை உடுத்தி, ஆண் நடிகரோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935-இல் வந்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். சம்பளம் 1 லட்சம் ரூபாய் என்பார்கள். நம் வீடுகளில் இன்று நினைவிருப்பது 1953-இன் 'ஔவையார்' மட்டும்தான்.

அந்த அம்மாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் தப்பிப் பிழைத்து அச்சிலும் வந்திருக்கின்றன. கூட்டத்தை ஆண்ட குரலுக்குச் சொந்தக்காரர், அதில் பதிலுக்குக் காத்திருக்கும் மனைவியாக நிற்கிறார். கோபம் இருக்கிறது, மரியாதையும் குறையவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கலாமா என்று எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். ஆனாலும் அவை இல்லையென்றால் அவரை ஔவைப் பாட்டியாகவே முடித்திருப்போம்.

கடிதமாவது பெட்டியில் இருக்கும். நாடக நோட்டீஸும், கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமும் மறுநாளே பொட்டலம் மடிக்கப் போய்விடும். அவற்றையும் சேர்த்து வைத்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. பேராசிரியர் அல்ல, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர்! 1992-இல் அவர் மறைந்தபின், 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. நல்ல வேளையாக அது கப்பல் ஏறவில்லை. சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆயிற்று, இப்போது தரமணியில் இருக்கிறது. எந்த ஊரில், யார் யாருக்கு ஜோடி, டிக்கெட் என்ன விலை என்பதையெல்லாம் ஒரு நோட்டீஸ் சொல்லிவிடும்.

இனி என் துறைக்கு வருகிறேன். மலிவான காகிதம் மரக்கூழில் செய்தது. மை ஊறாமலிருக்கப் படிகாரமும் ரோசினும் சேர்ப்பார்கள். அந்தப் படிகாரம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, செல்லுலோஸ் இழையைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. வெயிலும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். கடலோரத்து நம் திருவள்ளூர்ப் பக்கம் கேட்கவே வேண்டாம். மடித்தால் அப்பளம் மாதிரி ஒடிகிறதே, அதற்குக் காரணம் இதுதான். சுண்ணாம்புக் கரைசலில் நனைத்து அமிலத்தைப் போக்கலாம், ஒடிந்த இழையை ஒட்ட முடியாது. அதனால்தான் மைக்ரோபிலிம் எடுத்து வைக்கிறார்கள். தயவுசெய்து பழைய காகிதத்துக்கு லேமினேஷன் மட்டும் போடாதீர்கள். அமிலத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான் அது.

நம் ஆடிட்டோரியத்தின் பின்னறையில் இரண்டு தகரப் பெட்டிகள் இருக்கின்றன. கல்லூரி நாடகங்களின் நோட்டீஸ், கையெழுத்துப் பிரதி, கோந்து காய்ந்து உதிர்ந்த போட்டோக்கள். அறையைக் காலி செய்யப் போவதாகக் கேள்வி. எடைக்குப் போடுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், நானும் வருகிறேன். துருப்பிடித்த கிளிப்புகளைக் கழற்றி, ஒவ்வொன்றாக போட்டோ எடுப்போம். போட்டோவில் இருப்பவர் பெயர் தெரிந்த அண்ணன்மார்கள் பக்கத்தில் இருந்து சொல்லணும். பின்பக்கம் பென்சிலால் எழுதினால் போதும், பேனா வேண்டாம்.