பிசிக்ஸ் முடித்த பிள்ளைக்கு இன்னும் மூன்று வருடம்

(கம்பைநல்லூரில் கல்லூரி முடித்த மாணவ மாணவியர், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்துவிட்டு இப்போது இன்ஜினியரிங் என்கிறானே, இதை முதலிலேயே சொன்னால் என்ன?" என்று ஒரு அத்தா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் மர்ஹூம் அப்துல் கலாம் அவர்களும் முதலிலேயே சொல்லவில்லை. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. பிசிக்ஸை முடிக்கும்போதுதான், தனக்கான துறை இதுவல்ல, பொறியியல்தான் என்று அவருக்குப் புரிந்தது. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. அன்று பி.எஸ்சி. படித்தவர்களைச் சேர்த்துக்கொண்டது. மூன்று வருடப் படிப்பு. சேருவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டும். வீட்டில் அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். ராக்கெட் கதையைத்தான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், இந்த வளையலைச் சொல்வதில்லை.

சேர்ந்த பிறகும் சுலபமாக இருக்கவில்லை. விமான வடிவமைப்பு வேலை பின்தங்கியதால், பேராசிரியர் ஸ்ரீனிவாசன் மூன்றே நாள் அவகாசம் கொடுத்தார். முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்றார். கலாம் இரவுச் சாப்பாட்டை விட்டு, வரைபலகை முன் உட்கார்ந்து முடித்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்றைக்கும் பிசிக்ஸ் படித்தவர் தடுமாறுகிற இடம் இந்த வரைபடம்தான். பி.எஸ்சி. முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், லேட்டரல் என்ட்ரி என்பார்கள். ஆனால் பிளஸ் டூவில் கணக்கு ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். முதலாண்டுப் பாடமான இன்ஜினியரிங் டிராயிங், மெக்கானிக்ஸ் இரண்டையும் இரண்டாம் ஆண்டுப் பாடங்களோடு சேர்த்தே எழுதித் தேற வேண்டும். முதல் வருடம் கனமாகத்தான் இருக்கும், பிள்ளையிடம் இதை மறைக்காதீர்கள்.

கணக்கு படிக்காதவர் மனம் விட வேண்டாம். எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடித்து, கேட் தேர்வில் இயற்பியல் தாள் எழுதினால், சில எம்.டெக். பிரிவுகளில் இடம் உண்டு. வழி சற்று நீளம், அவ்வளவுதான்.

பெண் பிள்ளை என்றால் "இன்னும் மூன்று வருடமா?" என்ற பேச்சு கூடுதலாக வரும். செட்டிக்கரையிலேயே அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. தூரத்தைக் காரணம் சொல்லும் முன் அங்கே ஒருமுறை போய் விசாரியுங்கள்.

நகையை எடுத்துக்கொண்டு வட்டிக்கடைக்குப் போகும் முன் ஜமாஅத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். இன்று கூட்டம் முடிந்ததும் இங்கேயே உட்கார்ந்திருப்பேன். பிள்ளையின் பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு வாருங்கள், அதில் கணக்கு இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.