சீதனக் காணிக்கு உரியவர் யார்?

(விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



ஆட்சியாளர் நமக்கு மறுத்த உரிமைகளை மேடைதோறும் எடுத்துரைக்கின்றோம். நாம் நமது பெண்களுக்கு மறுத்துவரும் உரிமையொன்றைப் பற்றிப் பேச இன்று உங்கள் அனுமதியை வேண்டுகின்றேன்.

சீதனம் பெண்ணின் தனிச்சொத்து. கணவனின் கடனுக்கு அது பொறுப்பன்று. இதைக் காட்டி, "தேசவழமையில் பெண்ணுக்குக் குறையேது?" என்று கேட்போர் பலர். அவர்கள் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவைப் படித்தல் வேண்டும். விவாகமான பெண் தன் நகையை எவரையும் கேளாது விற்கலாம். தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். தன் முதுசக் காணியை விற்கும் கணவனுக்கோ மனைவியின் சம்மதம் வேண்டியதில்லை.

இன்னுமொரு விந்தை கேளுங்கள். அதே பெண் அதே காணியை மரணசாதனத்தின் மூலம் தான் விரும்பியவருக்கு எழுதிவைக்கலாம். அதற்குச் சம்மதம் வேண்டாம். தன் மறைவுக்குப் பின் காணி யாருக்கு என்று தீர்மானிக்கும் அறிவு அவளுக்கு உண்டென ஏற்ற சட்டம், உயிரோடிருக்கையில் கிணறு வெட்டக் கடன்பெற அதை ஈடு வைக்கும் அறிவு அவளுக்கு இல்லையென்கிறது!

கணவன் கைவிட்டுப் போனாலோ, இருப்பிடம் தெரியாதிருந்தாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் மனுச்செய்யலாம் என 8 ஆம் பிரிவு கூறுகின்றது. உண்மைதான். ஆயின் மழைக்கு முன் விதைக்க வேண்டியவள் வழக்குத் தவணைக்குக் காத்திருக்க முடியுமா? 2009 இல் யுத்தம் முடிந்தபின், காணாமற்போன கணவனைத் தேடிக்கொண்டே தனித்து வயல் செய்யும் பெண்கள் வன்னியெங்கும் உளர். இல்லாத கணவனின் கையொப்பத்துக்காக அவர்கள் சட்டத்தரணிக்குப் பணங் கொடுக்க வேண்டியிருப்பது நீதியா?

தேசவழமைக்கு உட்படாத மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்ணுக்கு இத்தடை இல்லை. அதனால் அங்கே குடும்பங்கள் குலைந்துவிடவில்லை.

"தேசவழமை நமது தனித்துவம், அதில் கைவைக்கலாமா?" என்பர் சிலர். 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த அந்நூல் 1911 இலும் 1947 இலும் சட்டத்தால் திருத்தப்பட்டது. அப்போது அழியாத தனித்துவம், பெண் தன் காணியைத் தானே ஆள்வதால் அழிந்துவிடுமா? காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் வாரிசு வரிசையில் ஆணை முன்வைத்த 1935 ஆம் ஆண்டின் விதியும் 2022 இல் மாற்றப்பட்டது. கிளிநொச்சிக் குடியேற்றக் காணியில் மகளுக்குக் கிடைத்த சமநிலை, சீதனக் காணியில் அவளுக்கு மறுக்கப்படலாகாது.

நீதிமன்றம் இதை ரத்துச் செய்யும் என்று எதிர்பார்ப்பதும் வீண். 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 12 ஆம் உறுப்புரையில் சமத்துவத்தைத் தந்து, 16 ஆம் உறுப்புரையில் பழைய சட்டங்கள் அதற்கு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்றது. எனவே வழி பாராளுமன்றமே. வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "6 ஆம் பிரிவிலுள்ள சம்மத நிபந்தனையை நீக்க மசோதா கொண்டு வருவீரா?" தெளிவான விடை தராதவருக்கு உங்கள் வாக்கைத் தராதீர்கள்.