ஆமைக்கும் அரியர் உண்டு

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தலைப்பு உன் இஷ்டம். 15 நிமிஷத்தில் முடிப்பது என் இஷ்டம்" என்றார். எனக்கு முன்னால் பேசியவர்கள் தொழில் தொடங்குவது பற்றியும் செயற்கை நுண்ணறிவு பற்றியும் அருமையாகப் பேசிவிட்டார்கள். எனவே நான் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அது என் வீடு.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவன். வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் இவற்றை அளப்பது பிழைப்பு. வீட்டிலும் அதே வேலைதான். வருகைப் பதிவேட்டை வாசித்துவிடுகிறேன். மனிதர்கள் மூவர்: அம்மா, மனைவி, நான். நாட்டு நாய் ஒன்று, பெயர் மணி. தெருப்பூனை ஒன்று, பெயர் கிடையாது, வைத்தாலும் கூப்பிட்டால் வராது. காக்டெய்ல் இரண்டு. பெயரைக் கேட்டு வார்டன் சார் பதற வேண்டாம், அது ஆஸ்திரேலியப் பறவை. இகுவானா ஒன்று. கடைசியாக, நீருக்குள் வாழும் சிவப்புக் காது ஆமை ஒன்று. பெயர் அரியர்.

இவற்றில் ஒன்றைக்கூட நான் காசு கொடுத்து வாங்கவில்லை. எல்லாம் மற்றவர்கள் விட்டுவிட்டுப் போனவை.

அரியர் நம்ம விடுதியில் வளர்ந்தவள். 2008-ல் என் அறைத்தோழன் ஒருவன், ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு குட்டி ஆமைகளைக் கடையிலிருந்து வாங்கி வந்தான். "இவ்வளவுதான் சார் வளரும், ஒரு கிண்ணம் போதும்" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். முதல் மாதமே ஒன்று செத்துப்போனது. மற்றொன்று எங்கள் மெஸ் சாப்பாட்டையே தாங்கியது என்றால், அதன் உடல்வாகைப் புரிந்துகொள்ளுங்கள்! 2010-ல் எல்லோரும் பட்டம் வாங்கிக்கொண்டு பெட்டி கட்டினோம். தோழனுக்கு அமெரிக்காவில் எம்.எஸ். "டேய் மச்சான், ஒரு வாரம் பார்த்துக்கோடா, தம்பி வந்து வாங்கிப்பான்" என்றான். 15 வருடம் ஆகிறது, தம்பி இன்னும் வரவில்லை. நண்பன் வந்திருக்கிறான். மூன்றாவது வரிசையில் இருக்கிறான், பெயர் சொல்ல மாட்டேன். நாங்கள் எல்லோரும் தேறி வெளியே போன பிறகும் விடுதியிலேயே தங்கிவிட்டதால்தான் அவளுக்கு அரியர் என்று பெயர் வைத்தேன். இன்றைக்கு அவள் ஓடு மட்டுமே 25 சென்டிமீட்டர்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாய் மனிதனோடு சேர்ந்து குறைந்தது 15,000 வருடம் ஆகிறது. பூனையும் சில ஆயிரம் வருடங்களாக நம் தானியக் குதிரை ஒட்டி வாழ்கிறது. நம் வீடு எப்படி நடக்கும் என்று அவற்றுக்குத் தெரியும். மணிக்குச் சோறு, தண்ணீர், நடை, வருடாவருடம் வெறிநாய்க்கடி தடுப்பூசி, கொஞ்சம் பேச்சு இருந்தால் போதும். ஆமைக்கும் இகுவானாவுக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. அவை நம் வீட்டுக்கு ஏற்றபடி மாறா. வீடுதான் மாற வேண்டும். ஒரு மூலை அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றங்கரையாகவும், இன்னொரு மூலை தென் அமெரிக்கக் காடாகவும் ஆக வேண்டும். அங்கேதான் என்ஜினீயருக்கு வேலை.

அரியரின் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நீந்தத் தண்ணீர் வேண்டும், ஏறிக் காயக் காய்ந்த மேடை வேண்டும். மேடைக்கு மேல் வெயில் வேண்டும். வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். அது இருந்தால்தான் உடம்பு கால்சியத்தை ஏற்கும். இல்லாவிட்டால் ஓடு மெத்தென்று ஆகிவிடும். "ஜன்னலோரம் வைத்திருக்கிறேனே" என்பார்கள். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், அந்தக் கதிரை விடாது. அதற்கென்று விளக்கு விற்கிறது. அதிலும் ஒரு சூட்சுமம்: விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் மாதங்கள் போகப்போக அந்தக் கதிர் குறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஆகவே விளக்கு மாற்ற வேண்டிய தேதியை நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறோம், கேஸ் புக் பண்ணும் தேதிக்குப் பக்கத்திலேயே.

இன்னொன்று. பெண் ஆமை துணை இல்லாவிட்டாலும் முட்டையிடும். தோண்டி இட ஈரமணல் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும். "குழந்தை இல்லாத வீட்டில் பிரசவ அறை வந்துவிட்டது" என்று அம்மா சொல்லிச் சிரித்தார்.

ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சால்மோனெல்லா என்ற கிருமி அதன் உடம்பில் சாதாரணமாக இருக்கும். குழந்தைகள் வாயில் வைக்கும் அளவு சின்ன ஆமைகளால் நோய் பரவியதால், அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை 1975-லேயே தடுத்துவிட்டார்கள். தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டத்தின் முதல் பிரிவு.

இரண்டாவது பிரிவு காக்டெய்லுக்காக வந்தது. இடம் மாறிப்போன ஒரு நண்பர் விட்டுச்சென்றவை அவை. பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். நம்மைவிட மிகத் திறமையான அமைப்பு. அதனாலேயே விஷப் புகையையும் திறமையாக உள்ளே இழுத்துவிடும். இதற்காகத்தான் நிலக்கரிச் சுரங்கங்களில் கேனரிப் பறவையை எடுத்துப் போனார்கள். பிரிட்டனில் 1986-ல்தான் கருவிக்கு மாற முடிவு செய்தார்கள். நான்ஸ்டிக் கல்லை அடுப்பில் காயவிட்டு மறந்தால், அதிலிருந்து வரும் புகையில் பறவை சில நிமிடங்களில் செத்துவிடும். எங்கள் வீட்டு நான்ஸ்டிக் கல் பரணுக்குப் போனது, இரும்பு தோசைக்கல் இறங்கி வந்தது. தோசை இப்போது முன்பைவிட நன்றாகவே வருகிறது என்பது வேறு விஷயம்.

பறவை தன் நோயை மறைக்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் கிராம் தராசில் நிறுத்து எழுதுகிறேன். சுமார் 90 கிராம் பறவை 9 கிராம் இளைத்தால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். எல்லா மருத்துவரும் இவற்றைப் பார்ப்பதில்லை. எங்கே பார்ப்பார்கள் என்று பிராணி வருவதற்கு முன்பே விசாரித்து வைப்பது நல்லது.

இகுவானா 2019-ல் வந்தது. அலுவலக நண்பர் ஒருவருக்கு வெளிநாட்டு மாற்றல். வந்தபோது ஒரு ஸ்கேல் நீளம். இப்போது வாலோடு சேர்த்து 4 அடி. சுத்த சைவம். முருங்கைக்கீரையும் செம்பருத்தி இலையும் கொடுக்கிறோம். ஆனால் வாலால் ஒரு வீசு வீசினால் கை தடித்துவிடும். குளிரில் அசைய முடியாது. 2020 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடாவில், "மரத்திலிருந்து இகுவானா விழலாம்" என்று வானிலை அலுவலகமே எச்சரித்தது. அங்கே அவை வளர்த்தவர்கள் கைவிட்டும், தப்பியும் பெருகியவை. சர்வதேச ஒப்பந்தத்தில் பட்டியலிட்ட இனம் என்பதால், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்திருக்கிறேன்.

"எல்லாம் ஒரே வீட்டில் சமத்தாக இருக்குமா?" என்று கேட்பார்கள். இருக்காது. நாயும் பூனையும் தங்களுக்குள் ஒரு உடன்படிக்கை செய்துகொண்டன. மற்றவற்றுக்குக் கதவும் தாழ்ப்பாளும்தான் உடன்படிக்கை. பூனையின் பல் லேசாகப் பட்டாலே எச்சில் கிருமியால் பறவை செத்துப்போகலாம். "எங்க பூனை ஒண்ணும் செய்யாது" என்ற நம்பிக்கையில் வீட்டை வடிவமைக்கக் கூடாது. எது தவறினாலும் உயிர் போகாதபடி வடிவமைப்பதுதான் நாம் இங்கே படித்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 2023 டிசம்பர் 3-ம் தேதி இரவு, மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் தரைத்தள வீடு. மறுநாள் காலை தண்ணீர் வீட்டுக்குள் முழங்கால் வரை. கரன்ட் இல்லை. மாடியில் குடியிருக்கும் அக்காவுக்கு நாய் என்றாலே ஆகாது. அவர்தான் படியில் நின்று, "எல்லாத்தையும் மேல கொண்டாங்க தம்பி" என்றார். மணி தானே ஏறினான். பூனை கூடையில், பறவைகள் சின்னக் கூண்டில், அரியர் துணி துவைக்கும் டப்பில், இகுவானா தலையணை உறையில். அம்மா கையில் ரேஷன் கார்டும் மாத்திரைப் பையும்.

அன்று இரவு மெழுகுவத்தி வெளிச்சத்தில் மனைவி கேட்டாள்: "படகு வந்து, ஆளுக்கு மட்டும்தான் இடம்னு சொன்னா என்ன பண்ணுவோம்?" நான் பதில் சொல்லவில்லை. அம்மாவும் ஒன்றும் பேசவில்லை. மணி அம்மாவின் காலடியில் படுத்திருந்தான். நல்லவேளை, படகு தேவைப்படாமல் தண்ணீர் வடிந்தது. மூன்று நாள் மாடியிலேயே இருந்தோம். கடைசி நாள் மாடி அக்கா காக்டெய்லுக்குத் தினை ஊட்டிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் வடிந்தது, கேள்வி வடியவில்லை. படகு வராவிட்டாலும் அந்தக் கேள்வி ஒருநாள் வரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் அரியர் 30 வருடத்துக்கு மேலும் வாழலாம். இகுவானா 15, காக்டெய்ல் 15 முதல் 20. சிலர் ஆசைப்படும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி 40, 50 வருடம் இருக்கும். அத்தனை வருடமும் எனக்கு இதே ஊர், இதே வேலை, இதே உடம்பு இருக்குமா? எனவே புயலுக்கு அடுத்த வாரம் ஒரு ஃபைல் போட்டேன். யாருக்கு என்ன தீனி, எந்த விளக்கு, எந்த டாக்டர், எனக்கு முடியாமல் போனால் யாரிடம் போக வேண்டும் என்று எழுதி, அந்த ஆளின் சம்மதத்தையும் வாங்கி வைத்திருக்கிறேன். அரியரை ஏற்கச் சம்மதித்தவள் என் தங்கை. பறவைகளைக் கேட்டு வாங்கியவர் மாடி அக்கா. இகுவானாவுக்கு இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டு இடைவேளையில் என்னைப் பார்க்கலாம்.

ஆள் கிடைக்காதவர்கள் என்ன செய்கிறார்கள்? கோயில் குளத்தில் விட்டுவிட்டுப் புண்ணியம் என்கிறார்கள். சிவப்புக் காது ஆமை பெருந்தீனிக்காரி. நம் ஊர்க் குளத்து ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும். மீன்தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய சக்கர் மீன் இப்படித்தான் நம் ஏரிகளுக்குள் போய், மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. விடுவது விடுதலை இல்லை, தண்டனையை வேறொருவர் தலையில் கட்டுவது.

நம் நாட்டுப் பிராணிதானே என்று பச்சைக்கிளியையோ நட்சத்திர ஆமையையோ வீட்டில் வைக்கலாமா? கூடாது. 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிளிக்குஞ்சைப் பொந்திலிருந்து பிடுங்கித்தான் கூண்டுக்குக் கொண்டுவருகிறார்கள் என்பதால்தான் அந்தச் சட்டம்.

தம்பி தங்கைகளே, விடுதி அறையில் குட்டி ஆமையோ மீனோ வாங்க ஆசை வரும். ஆசை தப்பில்லை. ஒரு சின்னக் கணக்கு மட்டும் போடுங்கள். உங்கள் படிப்பு 4 வருடம். அதன் ஆயுள் எத்தனை வருடம்? கழித்துப் பாருங்கள். மீதி வருடம் யாருடையது? அந்த இடத்தில் ஒரு பெயரை எழுத முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் தெருவில் ஒரு நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி போட உதவுங்கள், அதுவும் வளர்ப்புதான்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாடு போகிறவர்கள் நம்மில் அதிகம். வேலை வேண்டும், வீடு வேண்டும் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் தினமும் செய்தி வருகிறது. "இந்தப் பிராணிக்கு வீடு வேண்டும்", "என் வீட்டில் இடம் இருக்கிறது" என்ற இரண்டு வரிகளுக்கும் அங்கே இடம் கொடுங்கள். ஒரு பட்டியலைச் சங்கம் வைத்துக்கொண்டால், அடுத்த அரியர் விடுதியில் தனியாக நிற்க வேண்டியிருக்காது.