ஆடிக் கண்காட்சிக்கு ஆவணியிலேயே ஆரம்பியுங்கள்



ஆடி 17, 18 வந்துவிட்டால் கொல்லிமலை முழுக்கச் செம்மேட்டில்தான் இருக்கும். வல்வில் ஓரி விழாவும் மலர்க் கண்காட்சியும் நமக்குப் புதிதல்ல. அதே ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டம் அந்தியூரில், குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிப் பெரிய கால்நடைச் சந்தை கூடுகிறது. மாடு, குதிரை, ஆடு எல்லாம் அங்கே வருகின்றன. கால்நடைகளைக் கண்காட்சியில் நிறுத்திப் பரிசு கொடுப்பதும் பல ஊர்களில் நடக்கிறது. அப்படி ஒரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற மாதிரி ஒரு ஆட்டுக்குட்டியை எப்படி வளர்ப்பது? இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் பெரும்பாலும் முறை ஒன்றுதான். வேறுபடுகிற இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

"அதுக்கென்னங்க, இருக்கிறதிலே நல்ல கெடாக்குட்டியாப் பிடிச்சுக் கட்டி, ஒரு மாசம் வயிறு நிறையத் தீனி போட்டாப் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். போதாது. அதோடு அது ஆபத்தும்கூட. ஒரு மாதத்தில் ஏறுவது கொழுப்பு. எலும்பும், நீளமும், நெஞ்சு அகலமும் முதல் மூன்று நான்கு மாதத்தில் போட்ட அடித்தளம். விவரம் தெரிந்த நடுவர் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. முதுகின் மேலும் இடுப்பின் மேலும் கையை வைத்து அழுத்திப் பார்ப்பார். சதை எது, கொழுப்பு எது என்று கை சொல்லிவிடும்.

கணக்கு எங்கே தொடங்குகிறது?

ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள், அதாவது ஐந்து மாதம். ஆடியில் ஆறு மாதக் குட்டியாக நிற்க வேண்டுமானால் அது தை மாதம் பிறக்க வேண்டும். தையில் பிறக்க, தாய் ஆவணியில் இணை சேர வேண்டும். ஆகவே இந்த ஆடி விழா முடிந்து வீடு திரும்பும்போதே அடுத்த ஆடிக்கான வேலை தொடங்கிவிடுகிறது.

வயிற்றுக்குள் குட்டி மளமளவென்று வளருவது கடைசி ஆறு வாரத்தில்தான். தையில் ஈனும் ஆட்டுக்கு அது கார்த்திகைக் கடைசியும் மார்கழியும். நம் மலையில் குளிரும் பனியும் கடுமையான காலம். மேய்ச்சலும் குறைவு. அந்தச் சமயத்தில் தாய்க்குத் தினம் 200 முதல் 250 கிராம் அடர்தீவனம் கொடுங்கள். தாயை வாட விட்டால் குட்டி சிறுத்துப் பிறக்கும். மடியிலும் பால் இருக்காது.

முதல் மூன்று மாதம்

குட்டி விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று சில வீடுகளில் காத்திருப்பார்கள். அது தவறான பழக்கம். நோயை எதிர்க்கும் சக்தி சீம்பாலில்தான் குட்டிக்கு வருகிறது. நேரம் போகப்போக அதை ஏற்கும் தன்மை குட்டியின் குடலுக்குக் குறைந்துகொண்டே போகும். இரண்டரைக் கிலோ குட்டி முதல் நாளில் கால் லிட்டர் அளவாவது குடிக்க வேண்டும், பல தடவையாகப் பிரித்து. தொப்புளில் டிங்சர் அயோடின் தடவுங்கள். தரை ஈரமாக இருந்தால் குட்டிக்குச் சளி பிடித்து நுரையீரலைத் தாக்கும். மூங்கில் பட்டை அடித்து ஒரு பரண் போட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

இரண்டு வாரம் ஆனதும் குட்டிக்குத் தனித்தீவனம் பழக்கலாம். பட்டியின் ஒரு மூலையைத் தடுத்து, குட்டி மட்டும் நுழைகிற அளவுக்குச் சந்து விடுங்கள். தாய் உள்ளே வரக் கூடாது. 10 கிலோ தீவனத்துக்கு இதுதான் கணக்கு: உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ, கடலைப் புண்ணாக்கு இரண்டரைக் கிலோ, கோதுமைத் தவிடு 3 கிலோ 200 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம், சாப்பாட்டு உப்பு 100 கிராம். மக்காச்சோளத்தில் பாதிக்குப் பதிலாக நம் மலையில் விளைகிற கேழ்வரகையோ சாமைக் குருணையையோ சேர்க்கலாம். பூசணம் பிடித்த புண்ணாக்கை மட்டும் தொடாதீர்கள். அது ஈரலைக் கெடுக்கும்.

முதலில் 20 கிராமில் தொடங்குங்கள், ஒரு கைப்பிடிக்கும் குறைவாக. மூன்று மாதத்தில் பால் மறக்கும்போது 150 கிராம் தின்னும். மேச்சேரி போன்ற நம் பக்கத்துச் செம்மறியில் அந்த வயதில் 9, 10 கிலோ நின்றால் அது நல்ல குட்டி. பிறகு ஆறு மாதத்துக்குள் தினம் 250 கிராம் வரை போகலாம். அதோடு ஒன்றரை, இரண்டு கிலோ பசுந்தழை வேண்டும். பலா இலை, அகத்தி, வேலிமசால், மேய்ச்சல் புல் எல்லாம் நல்லது.

உயிரை வாங்கும் தீனிகள்

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கண்காட்சி ஆசையில் குட்டிகள் சாவது பெரும்பாலும் தீனியால்தான்.

முதலாவது, திடீரென்று கூட்டும் தானியம். அடர்தீவனத்தை மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை, 50 கிராமுக்கு மேல் கூட்டாதீர்கள். ஒரேயடியாகத் தானியமோ சோறோ தின்றால் வயிற்றில் அமிலம் பெருகிக் குட்டி படுத்துவிடும். பொங்கலன்று மிஞ்சிய சோற்றைத் தின்று ஆடு செத்தது என்று கேள்விப்படுகிறோமே, அது இதுதான். உப்பிப் போய் முனகினால், 15 கிலோ குட்டிக்கு 15 கிராம் ஆப்ப சோடாவை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, புரை ஏறாமல் மெல்லப் புகட்டி, உடனே டாக்டரிடம் கொண்டு போங்கள். திடீர்த் தீனியால் வருகிற இன்னொன்று துள்ளுமாரி நோய். மாலையில் நன்றாக இருந்த கொழுத்த குட்டி விடிவதற்குள் துள்ளி விழுந்து செத்துக் கிடக்கும். இதற்கு முன்கூட்டியே தடுப்பூசி போடுவதுதான் வழி.

இரண்டாவது, நம் மலைக்கே உரிய ஆபத்து, மரவள்ளி. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு போனபின், தழையும் தோலும் காட்டில் கிடக்கும். பச்சைத் தழையிலும் தோலிலும் சயனைடு என்ற விஷம் உண்டு. பசியோடு இருக்கிற ஆட்டை அதில் விட்டால் சிறிது நேரத்திலேயே மூச்சு வாங்கும், தள்ளாடும், விழுந்துவிடும். கைவைத்தியத்துக்கு நேரம் இருக்காது. டாக்டர் நரம்பில் போடும் ஊசிதான் மருந்து. தோலையும் தழையையும் நறுக்கி இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் பரப்பிக் காய வைத்தால் விஷம் பெருமளவு போய்விடும். அதையும் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். அறுத்த சோளத்தட்டையின் இளந்துளிரிலும் இதே விஷம் உண்டு.

மூன்றாவது, கோழித் தீவனம். நாமக்கல் பக்கம் எளிதில் கிடைக்கிறது என்று ஆட்டுக்குப் போடாதீர்கள். கோழிக்கென்று சேர்த்த மருந்தும் செம்புச் சத்தும் அதில் இருக்கலாம். செம்மறி ஆட்டுக்குச் செம்பு கொஞ்சம் கூடினாலே ஈரலில் சேர்ந்து கொல்லும். மாட்டுக்கு விற்கிற தாது உப்பும் செம்மறிக்கு ஆகாது. ஆட்டுக்கென்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கெடாக்குட்டிக்குத் தழை இல்லாமல் தவிடும் தானியமுமாகப் போட்டால் நீர்த்தாரையில் கல் அடைக்கும். தழையும், உப்பும், எந்நேரமும் நல்ல தண்ணீரும் இருந்தால் அது வராது.

புழுவும் தடுப்பூசியும்

நம் மலையின் ஈரத்துக்குக் குடற்புழு அதிகம். இரத்தம் குடிக்கிற புழு இருந்தால், எவ்வளவு தீனி போட்டாலும் அது புழுவுக்குத்தான். கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தாலோ, தாடைக்கடியில் வீக்கம் கண்டாலோ புழு என்று சந்தேகப்படுங்கள். கால்நடை மருந்தகத்தில் புழுக்கையைச் சோதித்து, எடைக்கேற்ற அளவில் மருந்து கொடுங்கள்.

ஆட்டுக்கொல்லி நோய்க்கு மூன்று மாத வயதுக்குமேல் தடுப்பூசி போட வேண்டும். துள்ளுமாரிக்கு முதல் தடவை இரண்டு ஊசி, இரண்டு மூன்று வார இடைவெளியில். எல்லா ஊசியும் கண்காட்சிக்கு மூன்று வாரம் முன்பே முடிந்துவிட வேண்டும். பல ஊர் ஆடுகள் கூடுகிற இடம் நோயும் கூடுகிற இடம் என்பதை மறக்கக் கூடாது. திரும்பி வந்த குட்டியை மற்ற ஆடுகளோடு சேர்க்காமல் மூன்று வாரம் தனியே கட்டுங்கள்.

நடுவர் முன்னால்

பல்லைப் பார்ப்பார்கள். ஏறத்தாழ ஒரு வயது வரை பால்பல்தான் இருக்கும். ஆகவே வயதைக் குறைத்துச் சொல்லிப் பயனில்லை. மேல்தாடையும் கீழ்தாடையும் பொருந்தியிருக்கிறதா, கால் நேராக நிற்கிறதா, கெடாவுக்கு விதை இரண்டும் ஒரே அளவா என்று சோதிப்பார்கள். இனத்தின் அடையாளமும் வேண்டும். மேச்சேரி ஆடு என்றால் செம்பழுப்பு நிறம், கொம்பில்லாத தலை. சேலம் கருப்பு வெள்ளாடு என்றால் உடல் முழுக்கக் கருப்பு.

இரண்டு மாதத்துக்கு முன்பிருந்தே கயிறு போட்டு நடக்கவும் அசையாமல் நிற்கவும் பழக்குங்கள். குளம்பைப் பத்து நாள் முன்னால் சீவிவிடுங்கள். இரண்டு நாள் முன்னால், வெயில் நேரத்தில் பூந்திக்கொட்டை போட்டுக் குளிப்பாட்டலாம். சமவெளிக்குக் கொண்டு போவதானால் காரவள்ளிப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு. வயிறு முட்டத் தீனி போட்டு வண்டியில் ஏற்றாதீர்கள். பழகிய தழையில் ஒரு கட்டைக் கூடவே எடுத்துப் போங்கள்.

அமெரிக்காவில் 1902-ல் ஒஹையோ மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று ஃபோர் எச் என்று பெயர் பெற்ற இயக்கம் அதிலிருந்துதான் வளர்ந்தது. அதில் ஆட்டுக்குட்டி வளர்க்கிற பிள்ளைகள் தீனி, செலவு, எடை எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் இதைச் செய்யலாம். ஒரு சாக்கும் தொங்கு தராசும் இருந்தால் வாரம் ஒருமுறை எடை போட்டு நோட்டில் எழுதிவிடலாம். எடை நின்றுபோனால் நோட்டு முதலில் சொல்லும்.

பரிசு எது?

கடைசியாக ஒன்று. நம் பட்டியில் என்ன நடக்கிறது? வேகமாக வளர்ந்த கெடாக்குட்டிக்கு நல்ல விலை வருகிறது, முதலில் அதைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறோம். விலை போகாத சோனிக் கெடா மிஞ்சி, அதுவே பெட்டைகளோடு சேர்கிறது. வருஷா வருஷம் இப்படி நல்ல விதையை விற்றுவிட்டுப் பதரை விதைத்தால் ஆடு சிறுத்துக்கொண்டேதானே போகும்? தானியத்தில் இப்படிச் செய்வோமா?

கண்காட்சிக்கென்று ஒரு குட்டியைப் பொறுக்கி எடுத்து வளர்க்கிறீர்களே, அதைக் கசாப்புக்குக் கொடுக்காதீர்கள், காயும் அடிக்காதீர்கள். அதுதான் அடுத்த பொலிகெடா. ஒன்றரை வயதில் அது பெட்டைகளோடு சேரட்டும். அதன் மகள்களோடு அதுவே சேராமலிருக்க, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்து நாட்டுக்காரரோடு கெடாவை மாற்றிக்கொள்ளுங்கள். நல்ல மேச்சேரிக் கெடா வேண்டுவோர் சேலம் மாவட்டம் பொட்டனேரியில் 1978-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம். சந்தேகம் கேட்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மலையடிவாரத்திலிருந்து வெகுதூரமில்லை.

கண்காட்சியில் கொடுக்கிற பரிசு ஒரு நாள் சந்தோஷம். அந்தக் கெடா பட்டியில் நின்றால், வருகிற தையில் விழுகிற ஒவ்வொரு குட்டியும் உங்களுக்குப் பரிசுதான். ஆவணி வருகிறது. எந்தப் பெட்டையை எந்தக் கெடாவோடு சேர்ப்பது என்று இப்போதே பார்த்து வையுங்கள்.