முகம் தெரியும் படம்



அந்தமான் தீவுகளின் தலைநகரில் ஜங்லிகாட் என்றொரு பகுதி உண்டு. போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கிய அத்தலைநகருக்கு 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் செய்யப்பட்டது; ஆயினும் பழைய பெயர் இன்னும் நம் நாவை விட்டு அகலவில்லை. ஜங்லி என்றால் காட்டுக்குரியது, காட் என்றால் படித்துறை. இரண்டும் இந்திச் சொற்கள். காடு போய்விட்டது; துறை இருக்கிறது. விடியற்காலையில் அங்கே மீன்படகுகள் வந்து சேரும். சூரையும் வஞ்சிரமும் பாறையும் கூடைகூடையாக இறங்கும். தமிழர், தெலுங்கர், வங்காளியர் ஆகிய எல்லோரும் ஓர் இந்தியில் பேரம் பேசுவர். கோபம் வந்தால் மட்டும் அவரவர் தாய்மொழி வெளிப்படும்.

அத்துறையில் நின்றுதான், தலை நரைத்த வயதில், நாம் டிஜிட்டல் காமிராவைக் கையாளக் கற்றோம். கற்றோம் என்பதைக் காட்டிலும், ஒவ்வொரு தவறாகச் செய்து முடித்தோம் என்பதே பொருந்தும். பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய உங்களில் பலரும் இதே தவறுகளைச் செய்துகொண்டிருக்கக்கூடும். ஆதலின் அவற்றையே இன்றைய பேச்சுக்குப் பொருளாகக் கொண்டோம்.

அண்ணன் மகன் சென்னையிலிருந்து கப்பலேறி, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து வந்தபோது, ஒரு காமிராவைக் கொணர்ந்து நம் கையில் கொடுத்தான். “சித்தப்பா, பச்சைக் குறியில் வைத்து அழுத்தினால் போதும், மற்றதை எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும்” என்றான். மறுநாள் காலை பத்து மணிக்குத் துறை மேடையில், கடலுக்கு முதுகு காட்டி, நாமும் நம் துணைவியாரும் நின்றோம். அவன் பச்சைக் குறியில் வைத்தே அழுத்தினான். அப்படம் அன்று மாலையே முதுகுளத்தூரில் இருக்கும் நம் தமக்கையாருக்குப் போய்ச் சேர்ந்தது.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். முன்பெல்லாம் இத்தீவுகளின் இணையத் தொடர்பு செயற்கைக்கோளை நம்பியிருந்தது. ஒரு படத்தை அனுப்பிவிட்டுச் சோறு உண்டு கைகழுவி வந்து பார்த்தாலும் அது பாதி வழியில் நிற்கும். சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கேபிள் இட்டு, 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் அதனைத் தொடங்கி வைத்த பின்னர் நிலைமை மாறியது. படம் போய்ச் சேர்வது இன்று அரிதன்று. போய்ச் சேர்ந்த படத்தில் என்ன இருந்தது என்பதே கேள்வி.

தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார். பதினோராண்டுகளாக அவர் நம்மை நேரில் கண்டதில்லை. “கடல் தெரிகிறது. படகு தெரிகிறது. படகில் எழுதிய நம்பர்கூடத் தெரிகிறது. நீங்கள் இருவரும் கரிக்கட்டை போல நிற்கிறீர்களே, தம்பி. முகம் எங்கே?” என்று கேட்டார். நாம் அந்தப் படத்தை அதுவரை நல்ல படம் என்றே எண்ணியிருந்தோம்.

முகம் எங்கே போயிற்று என்று தேடியதே நம் கல்வியின் தொடக்கம்.

காமிராவினுள் பிலிம் இருந்த இடத்தில் இன்று ஒரு சிறு சில்லு இருக்கிறது. அதனைச் சென்ஸர் என்பர். அதன்மேல் கோடிக்கணக்கான நுண்ணிய குழிகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. மழையில் முற்றத்தில் வைத்த பாத்திரங்கள் தண்ணீர் பிடிப்பதுபோல ஒவ்வொரு குழியும் தன்மேல் விழும் ஒளியைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு பிடித்தது என்பதை ஓர் எண்ணாகச் சொல்லும். டிஜிட்டல் என்ற சொல்லின் முழுப்பொருளும் அவ்வெண்தான். இத்தகைய சில்லுக்கு வழிவகுத்த கருவியை 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் உருவாக்கினர். நாற்பதாண்டு கழித்து, 2009-இல், அதற்காக நோபல் பரிசு பெற்றனர். 1975-இல் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் முதல் டிஜிட்டல் காமிராவைக் கட்டினார். அதில் இருந்த புள்ளிகள் 10,000 மட்டுமே. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 வினாடிகள் வேண்டியிருந்தன. இன்று நம் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசியில் புள்ளிகள் ஒரு கோடிக்கு மேல்.

புள்ளிகள் பெருகினவே அன்றி, அடிப்படையான ஒரு பேதைமை காமிராவை விட்டு நீங்கவில்லை. தன் முன்னால் உள்ளது யாது என்று அது அறியாது. எவ்வளவு ஒளி வருகிறது என்று மட்டும் அளக்கும். அளந்து, உலகம் முழுவதும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறந்தான் என்று வைத்துக்கொண்டு கணக்கிடும். வெண்மணற் கரையைக் காட்டினால், “இவ்வளவு ஒளியா!” என்று அஞ்சி அதனைச் சாம்பலாக்கும். கருந்தார் பூசிய படகின் பக்கத்தைக் காட்டினால், ஒளி போதவில்லை என்று கருதி அதனையும் சாம்பலாக்கும். நம் படத்தில் முக்காற் பங்கு வானமும் நீரும். அவற்றின் ஒளிக்கு அஞ்சிக் காமிரா கண்ணைச் சுருக்கிக்கொண்டது. நடுவில் நின்ற இரண்டு கறுத்த முகங்களும் இருளில் மூழ்கின. முகத்தைக் கண்டறியும் காமிராக்கள் இந்நாளில் வந்துள்ளன என்பது உண்மையே. ஆயினும் வலிய எதிர்வெளிச்சத்தில் அவையும் தடுமாறக் கண்டிருக்கிறோம்.

இதற்கு மருந்து மிகச் சிறியது. காமிராவில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் சேர்ந்த ஒரு பொத்தான் இருக்கும். அதனைக் கூட்டல் பக்கம் ஒரு படி நகர்த்தினால் ஒளி இரட்டிப்பாகும். கைப்பேசியாயின், திரையில் முகத்தின்மேல் விரலால் தொட்டால், பெரும்பாலானவற்றில் சிறு சூரியன் வடிவம் ஒன்று தோன்றும். அதனை மேலே இழுக்கவேண்டும். வானம் வெளுத்துப் போகும், போகட்டும். தமக்கையார் கேட்டது வானத்தை அன்று.

கறுத்த முகத்துக்குப் படக்கலை இழைத்த குறை இன்று நேற்று வந்ததன்று. பிலிம் காலத்தில், வண்ணம் சரியாக இருக்கிறதா என்று ஒத்துப் பார்ப்பதற்குக் கோடாக் நிறுவனத்தார் படக்கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பிவந்தனர். அதற்கு ஷெர்லி அட்டை என்று பெயர். அதில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் கன்னம் சரியாக வந்தால் உலகத்தார் அனைவர் கன்னமும் சரி என்பது பல ஆண்டுக் கணக்கு. நம் ஊர் ஸ்டூடியோக்காரர் இதற்குத் தாமே ஒரு வழி கண்டிருந்தார். கண்ணாடியின்கீழ்ச் சீப்பும் பவுடர் டப்பாவும் வைத்திருப்பார். வருகிறவர் எல்லாரும் முகத்தில் வெள்ளை அப்பிக்கொண்டு, தம் நிறத்தை மறைத்துக்கொண்டு படத்துக்கு இருப்பர். நம் திருமணப் படத்தில் நாமும் அப்படித்தான் இருக்கிறோம். கழுத்துக்கு மேலே ஒருவர், கீழே வேறொருவர்! கூட்டல் பொத்தான் கையிலுள்ள இக்காலத்தில் அந்தப் பவுடர் தேவையில்லை.

இனி, ஒளியைக் கூட்டுவதும் குறைப்பதும் எவ்வாறு நிகழ்கின்றன என்று பார்ப்போம். முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊரில் வாழ்வோர்க்கு இது எளிதில் விளங்கும். குடம் நிரம்ப வேண்டும். குழாயை அகலத் திறந்தால் விரைவில் நிரம்பும். சிறிதாகத் திறந்தால் நெடுநேரம் பிடிக்கும். லென்ஸின் துவாரம் குழாயின் திறப்பு; ஷட்டர் திறந்திருக்கும் நேரம் தண்ணீர் விழும் நேரம். துவாரத்தின் அளவை 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று குறிப்பர். எண் பெருகப் பெருகத் துவாரம் சுருங்கும். தொடக்கத்தில் இது தலைகீழாகத் தோன்றி நம்மைப் பல நாள் அலைக்கழித்தது. ஒவ்வோர் எண்ணிலும் ஒளி பாதியாகிறது. ஐ.எஸ்.ஓ. என்பது மூன்றாவது: கிடைத்த ஒளி குறைவானால் அதனைப் பெருக்கிக் காட்டும். மிகுதியாகப் பெருக்கினால் படம் மணல் தூவியதுபோலாகும்.

நல்ல வெயிலில் துவாரம் 16, ஐ.எஸ்.ஓ. 100, நேரம் ஒரு வினாடியில் நூற்றில் ஒரு பங்கு என்பது பழைய படக்காரர்களின் கைக்கணக்கு. அதே ஒளிதான் துவாரம் 8-இல் நானூற்றில் ஒரு பங்கு நேரத்துக்குக் கிடைக்கும். ஒளி ஒன்றாயினும் படம் ஒன்றன்று. வலையை உதறும் கையை நானூற்றில் ஒரு பங்கு ஓரளவு பிடித்து நிறுத்தும்; துள்ளும் மீனுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு வேண்டும். அகலத் திறந்த துவாரத்தில் முகம் தெளிந்து, பின்னால் உள்ள கூட்டம் மங்கும். எது வேண்டும் என்பதைப் பச்சைக் குறி தீர்மானிக்க முடியாது. ஆதலால் ஒரு மாத காலம் துவாரத்தை மட்டும் நாமே வைத்து, மற்றதைக் காமிராவுக்கு விட்டுப் பழகினோம். மூன்றையும் ஒரே நாளில் பிடித்துக்கொள்ள முயன்ற நண்பர் ஒருவர் காமிராவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

கருவியைப் பற்றி இவ்வளவு போதும். ஒளி வரும் நேரம் அதனினும் முக்கியமானது. இத்தீவுகள் சென்னைக்குக் கிழக்கே பன்னிரண்டரைப் பாகை தள்ளியிருந்தும், கடிகாரம் ஒன்றே. ஆகவே சூரியன் இங்கே ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முந்துகிறான். மே, ஜூன் மாதங்களில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும். நவம்பர் இறுதியில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். உச்சிப்பொழுது பன்னிரண்டுக்கன்று, பதினொன்றே காலுக்குச் சற்று முன்பின். நாம் படத்துக்கு நின்ற காலை பத்து மணி, ஊர்க் கணக்கில் பதினொன்றுக்கு நெருக்கம். கண்குழியிலும் மூக்கின்கீழும் நிழல் கட்டும் வேளை அது. கல்கத்தாவில் இருப்பவர்க்கும் பம்பாயில் இருப்பவர்க்கும் கடிகாரம் ஒன்றாயினும் ஒளி ஒன்றன்று. அவரவர் ஊரில் முகத்துக்கு இதமான ஒளி எப்போது வருகிறது என்று ஒரு வாரம் வாயிற்படியில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். வெயில் ஏறிய பின்பு படம் எடுத்தே ஆகவேண்டுமாயின், கொட்டகையின் தகரக் கூரைக்கு ஓரடி உள்ளே, வெளியை நோக்கி நிற்கச் சொல்லுங்கள். ஸ்டூடியோவில் பணம் கொடுத்துப் பெறும் மென்மையான ஒளி அங்கே இலவசமாகக் கிடைக்கும்.

அவ்வாறு ஒருநாள் கூரையோரத்தில் மீன் விற்கும் அம்மையார் ஒருவரைக் கேளாமலே படமெடுத்துவிட்டோம். அவர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். ஏசவில்லை, ஏசியிருந்தால் அவ்வளவு சுட்டிருக்காது. இத்தீவுகளில் கேளாமல் படமெடுப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1890-களில், அந்தமான் பழங்குடியினரை மேற்பார்க்கும் பொறுப்பிலிருந்த மாரிஸ் விடால் போர்ட்மன் என்னும் ஆங்கில அதிகாரி, பிரிட்டிஷ் மியூசியத்துக்காக அவர்களை நூற்றுக்கணக்கில் படமெடுத்தார். கறுப்பும் வெள்ளையுமான இரண்டங்குலக் கட்டங்கள் தீட்டிய திரையின் முன் ஆடையின்றி நிறுத்தி, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று எடுத்தார், உடலை அளப்பதற்கு. தொழில் நுட்பத்தில் அப்படங்கள் மிகத் தேர்ந்தவை. முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன. மாட்டேன் என்று சொல்ல அம்முகங்களுக்கு உரிமை இருந்ததா என்பது வேறு. இன்று ஜாரவா மக்களைப் படமெடுப்பது சட்டப்படி குற்றம். அவர்தம் காட்டின் ஊடாகச் செல்லும் சாலையில் காமிராவை எடுக்கலாகாது. துறைமுகத்திலும் கடற்படைப் பகுதியிலும் தடை உண்டு. மீன் விற்கும் அம்மையாருக்குச் சட்டம் எதுவும் இல்லை. கேட்பது ஒன்றுதான் வழி. மறுநாள் கேட்டோம். வேலை முடியட்டும் என்றார், காத்திருந்தோம்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில் லென்ஸுக்குப் பகை பூஞ்சணம். சிலந்திவலை போலப் படர்ந்து கண்ணாடியையே அரித்துவிடும். தோல் உறையில் வைக்கவேண்டா. தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். கடற்காற்றில் எடுத்துச் சென்ற நாளில் உப்பை மென்துணியால் துடைத்துவிடுங்கள்.

படங்களையும் காக்கவேண்டும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, இத்தீவுகளில் வீடு இழந்தவர்கள் வீட்டோடு படங்களையும் இழந்தனர். அன்று ஆல்பம், இன்று கைப்பேசி கடலில் விழுந்தால் அதே கதிதான். ஒரு பிரதி நம்மிடம், ஒரு பிரதி சொந்த ஊரில் என்பது நாம் கைக்கொண்ட ஏற்பாடு. முக்கியமான படங்களைக் காகிதத்திலும் அச்சிட்டு அனுப்புகிறோம். சுவரில் மாட்டுவதற்குத் தமக்கையார் விரும்புவது அதனையே.

சென்ற மாசி மாதத்தில், காலை ஆறரை மணிக்கு, அதே துறையில், இம்முறை கூரையின் ஓரத்தில் நம் துணைவியாரோடு மீண்டும் நின்றோம். துவாரம் 5.6, கூட்டல் ஒரு படி. படகு ஒன்றும் தெரியவில்லை; வானம் வெறும் வெள்ளை. படத்தை அனுப்பிய சிறிது நேரத்தில் முதுகுளத்தூரிலிருந்து அழைப்பு வந்தது.

“இப்போது நன்றாகத் தெரிகிறது” என்றார் தமக்கையார். பிறகு சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “இவ்வளவு இளைத்துப் போயிருக்கிறாயே, தம்பி. வைத்தியரைப் பார்த்தாயா?” என்று கேட்டார்.